சிங்கத்தைச் சாய்த்த முழங்கால்

1911-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 4-ந் தேதி. அமெரிக்காவில் சிகாகோ நகரம்.

அங்கே ஒரு பெரிய மைதானத்தில் ஏறக்குறைய 30 ஆயிரம் பேர் கூடியிருந்தார்கள். ஒரு குஸ்தியைப் பார்க்க அத்தனை பெரிய கூட்டம் அமெரிக்காவில் அதற்கு முன் கூடியதில்லை என்றே சொல்லலாம்.

கோதாவில் இறங்கிய இருவரில் ஒருவர் அமெரிக்கர். பெயர் பிராங்க் காட்ச். மற்றவர் ரஷியச் சிங்கம் என்று உலகம் எல்லாம் பெயர் பெற்றவர். பரந்த மார்பு, எருதுக் கழுத்து, இரும்புத் தூண் போன்ற தொடைகள். அந்த உடம்பைப் பார்த்தவர்கள் அதற்கு ஒரு குறை உண்டு என்று நினைக்கவே மாட்டார்கள்.

ஆனால் குறை இருந்தது. அவருடைய முழங்கால் ஒன்று பழுதாகி இருந்தது!

20 நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. சிங்கம் சாய்ந்தது. அதன் பிறகு அது கோதாவுக்குத் திரும்பவே இல்லை.

அவர்தான் ஜார்ஜ் ஹாக்கன்ஷ்மிட். வலியோடு பளு தூக்குவது எப்படி என்று இளமையில் கற்றுக்கொண்டவர். கற்ற பாடத்தை ஒரே ஒரு நாள் ஒதுக்கி வைத்தார். அந்த நாள் அவருடைய பட்டக் கனவை முடித்துவிட்டது.

சாயப்பட்டறைக்காரர் மகன்

ஹாக்கன்ஷ்மிட் 1877-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் டோர்பட் நகரில் பிறந்தார். இன்று அந்த ஊருக்கு டார்ட்டு என்று பெயர். எஸ்டோனியா நாட்டில் இருக்கிறது. அப்போது அது ரஷியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. தகப்பனார் சாயப்பட்டறை வைத்திருந்தார். ஜெர்மன் வம்சத்தவர்.

சிறுவன் ஜார்ஜுக்குப் பள்ளிக்கூடத்தில் பாடத்தைவிட ஓட்டம், தாண்டுதல், நீச்சல், சைக்கிள் ஆகியவற்றில்தான் நாட்டம் அதிகம். படிப்பை முடித்ததும் 1895-ல் ரெவால் என்ற துறைமுக நகருக்குப் போனார். (இன்றைய தாலின்.) அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பழகினார். என்ஜினீயர் ஆகவேண்டும் என்பது எண்ணம்.

பகலில் பட்டறை. மாலையில் உடற்பயிற்சிக் கழகம். சைக்கிளில் தொடங்கியவர், மெல்ல இரும்புக் குண்டுகளின் பக்கம் திரும்பினார்.

1896-ல் ஜார்ஜ் லூரிச் என்ற பிரபல பயில்வான் ரெவாலுக்கு வந்தார். யார் வேண்டுமானாலும் தன்னோடு மோதலாம் என்று சவால் விட்டார். ஹாக்கன்ஷ்மிட் மோதினார், தோற்றார். தோல்வி அவரை ஓட்டிவிடவில்லை. பயிற்சி இன்னும் கடுமையாயிற்று.

காயம் தந்த அதிர்ஷ்டம்

அடுத்த ஆண்டு வேலை செய்யும்போது அவருக்குக் காயம் ஏற்பட்டது. சிகிச்சைக்காக மருத்துவரிடம் போனார். போன இடத்தில் ஓர் அதிர்ஷ்டம் காத்திருந்தது.

ரஷியத் தலைநகர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கைச் சேர்ந்த டாக்டர் கிராயெவ்ஸ்கி அங்கே விருந்தினராக வந்திருந்தார். அவர் சாமானியர் அல்ல. 1885-ல் தலைநகரில் பளு தூக்குவோர் கழகத்தை ஆரம்பித்தவர். ரஷியாவில் பளு தூக்கும் கலையின் தந்தை என்று இன்றும் அவரைச் சொல்வார்கள். தாமே 40 வயதுக்கு மேல்தான் பளு தூக்கத் தொடங்கினார்!

அவர் இளைஞனைச் சோதித்துப் பார்த்தார். உலகத்தின் முதல்தர பலசாலியாக வரக்கூடிய உடம்பு இது என்று முடிவு கட்டினார். தம் வீட்டிலேயே வந்து தங்கும்படி அழைத்தார்.

பெற்றோர் சம்மதிக்கவில்லை. என்ஜினீயர் ஆகவேண்டிய பிள்ளை பயில்வான் ஆவதா என்று வருந்தினார்கள். ஆனாலும் 1898-ல் ஹாக்கன்ஷ்மிட் மூட்டை கட்டிக்கொண்டு தலைநகருக்குப் புறப்பட்டுவிட்டார்.

டாக்டர் வீட்டில் குருகுலவாசம்

கிராயெவ்ஸ்கியின் வீட்டில் ஓர் அறை முழுவதும் இரும்பு. பல எடைகளில் பார்கள், டம்பெல்கள், பிடி வைத்த குண்டுகள். சுவர்களில் பலசாலிகளின் படங்கள். தலைநகருக்கு வரும் எந்தப் பயில்வானும் அந்த அறைக்கு வராமல் போவதில்லை. வந்தவர்களை டாக்டர் அளந்து பார்ப்பார், நாடி பார்ப்பார், பலத்தைக் குறித்து வைப்பார்.

சீடனுக்கு மது கூடாது. புகை கூடாது. பால் மட்டும் தாராளம். ஒரு நாளைக்கு 11 பைண்ட் பால் குடித்தார். நம் கணக்கில் அது சுமார் 6 லிட்டர்! (இதைப் படித்துவிட்டு யாரும் பால்காரரைத் தேடி ஓட வேண்டாம். அவருடைய உழைப்புக்கு அது தாங்கியது.)

தினமும் பளு. பிறகு குளியல். குளித்ததும் துவட்டமாட்டார். கம்பளி அங்கியைப் போர்த்திக்கொண்டு, இரண்டு காலையும் சேர்த்துக் கட்டியபடி ஒரு சோபாவைத் தாண்டித் தாண்டிக் குதிப்பார். உடம்பு தானாகக் காயும் வரை இந்தக் குதியாட்டம் நடக்கும்.

பலன் விரைவில் தெரிந்தது. 1898-லேயே ஒரே கையால் 122 கிலோவைத் தலைக்கு மேல் ஏற்றினார். ஜெர்மன் பலசாலி சாண்டோவின் சாதனை அதோடு முறிந்தது. நம் ஊரில் பலசாலிகளுக்குச் சாண்டோ என்று பட்டம் சூட்டினோமே, கை இல்லாத பனியனுக்குக்கூட அந்தப் பெயரை வைத்தோமே, அந்தச் சாண்டோதான்!

அதே ஆண்டு வியன்னாவில் நடந்த உலகப் பளு தூக்கும் போட்டியில் மூன்றாம் இடம். மல்யுத்தத்தில் முதல் இடம்.

இன்னொரு சாதனையையும் சொல்லவேண்டும். தரையில் மல்லாந்து படுத்தபடி, தலைக்குப் பின்னால் கிடந்த சுமார் 164 கிலோ பளுவை முகத்துக்கு மேலாக உருட்டிக் கொண்டுவந்து நெஞ்சிலிருந்து மேலே தள்ளினார். அக்காலத்தில் இதற்குப் பெஞ்சு கிடையாது. பக்கத்தில் நின்று தாங்கிப் பிடிக்கத் தாங்கிகளும் கிடையாது. இந்தச் சாதனையை 18 ஆண்டுகள் யாராலும் முறியடிக்க முடியவில்லை.

வலியில் இரண்டு வகை

இப்படி நாள்தோறும் இரும்போடு மல்லுக்கட்டினால் உடம்பு வலிக்காதா? வலிக்கத்தான் செய்யும்.

பளு தூக்குகிறவனுக்கு வரும் வலியில் இரண்டு வகை உண்டு. அதைப் பிரித்து அறியத் தெரியாதவன் நெடுநாள் நிலைக்க மாட்டான்.

ஒன்று தசை வலி. புதிய பயிற்சி செய்த அன்று ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் படி இறங்க முடியாது. கையைத் தூக்கித் தலை சீவ முடியாது. இரண்டாவது, மூன்றாவது நாள் வலி உச்சத்துக்குப் போகும். ஒரு வாரத்துக்குள் தானாக மறைந்துவிடும். வலி ஒரே இடத்தில் குத்தாது. தசை முழுவதும் பரவி, தொட்டால் கன்றிப்போனது போல் இருக்கும்.

ஹாக்கன்ஷ்மிட் புகழ் பெற்று வந்த அதே காலத்தில், 1902-ல், தியோடர் ஹப் என்ற அமெரிக்கர் இதை ஆராய்ந்தார். தசைக்குள் ஏற்படும் நுண்ணிய கிழிசல்களே இந்த வலிக்குக் காரணம் என்று எழுதினார். பிறகு நெடுங்காலம், தசையில் தேங்கும் லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று பயிற்சியாளர்கள் சொல்லிவந்தார்கள். அது சரியல்ல. அந்த அமிலம் பயிற்சி முடிந்து ஒரு மணி நேரம் போல ஆனாலே வடிந்துவிடுகிறது. மறுநாள் வலிக்கு அதன் மேல் பழி போட முடியாது. பின்னால் வந்த ஆராய்ச்சிகள் ஹப் சொன்ன பக்கமே சாய்ந்தன.

பளுவை மேலே தூக்குவதைவிட, தாங்கியபடி மெல்லக் கீழே இறக்கும்போதுதான் இந்தக் கிழிசல் அதிகம் ஏற்படுகிறது. மலை ஏறியவனைவிட மலை இறங்கியவனுக்குத் தொடை அதிகம் வலிப்பது இதனால்தான்.

இந்த வலிக்குப் பயந்து பயிற்சியை விட்டுவிட வேண்டியதில்லை. பளுவைக் குறைத்துக்கொண்டு, உடம்பை மெல்ல அசைத்து வந்தால் வலி சற்று அடங்கும். அதே பயிற்சியைச் சில நாள் கழித்து மறுபடி செய்யும்போது முன்போல் வலிக்காது. தசை பழகிக்கொள்கிறது. (வலியோடு சிறுநீரும் கறுத்து வந்தால் மட்டும் கதை வேறு. அது சிறுநீரகத்துக்கு ஆபத்து. உடனே மருத்துவரிடம் போகவேண்டும்.)

இன்னொரு வகை வலி மூட்டிலும், தசையை எலும்போடு கட்டிவைத்திருக்கும் நாரிலும் வருவது. அது பளு தூக்கும்போதே சுளீர் என்று வரும். ஓர் இடத்தில் குத்தும். மூட்டு வீங்கும். நாரில் இரத்த ஓட்டம் குறைவு. ஆகையால் தசை ஆறுவது போல அது சீக்கிரம் ஆறாது. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். இந்த வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது வீரம் ஆகாது.

தோள்பட்டையில் அடி

இந்த இரண்டாவது வகை வலி ஹாக்கன்ஷ்மிட்டுக்கு 22-வது வயதில் வந்தது.

1899-ம் ஆண்டின் பிற்பகுதியில் பாரிஸ் நகரில் உலக மல்யுத்தப் போட்டி நடந்தது. ஐரோப்பாவின் பெரிய பயில்வான்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். புகழும் பணமும் கண்ணெதிரே. ஆனால் ஹாக்கன்ஷ்மிட்டின் வலது தோள்பட்டை நாரில் பழுது ஏற்பட்டது. கையைச் சரியாகப் பயன்படுத்த முடியவில்லை.

அவர் என்ன செய்தார்? போட்டியிலிருந்து விலகினார்!

ஓர் இளைஞனுக்கு அது எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். தோளுக்கு ஓய்வும் சிகிச்சையும் கொடுத்தார். பிறகு இலேசான பளுவில் தொடங்கி, படிப்படியாக ஏறினார்.

1900-ம் ஆண்டிலேயே மாஸ்கோவில் நடந்த பெரிய போட்டியில் வென்று, தொழில்முறைப் பயில்வான் ஆனார். 1901-ல் அதே பாரிஸ் நகரில் உலகப் பட்டத்தைத் தட்டிக்கொண்டார். விலகி நின்றவனுக்கு இரண்டே ஆண்டில் கிடைத்த பரிசு அது. அவரைக் கண்டெடுத்த டாக்டர் கிராயெவ்ஸ்கி அந்த 1901-ம் ஆண்டிலேயே காலமானார்.

44 விநாடி!

பிறகு லண்டன். அங்கே அவர் போன இடம் எல்லாம் கூட்டம். சி. பி. காக்ரன் என்ற நாடக முதலாளி அவருக்கு மானேஜர் ஆனார்.

1904 ஜனவரி 30-ந் தேதி ஒலிம்பியா அரங்கில் துருக்கி நாட்டுப் பயில்வான் மத்ராலியோடு குஸ்தி. மத்ராலி அவரைவிட உயரம், எடையும் கூட. லண்டன் தெருக்களில் வண்டிகள் நகர முடியாத அளவுக்கு நெருக்கடி. மணி அடித்தது. ஹாக்கன்ஷ்மிட் மத்ராலியை இடுப்போடு பிடித்துத் தூக்கி எறிந்தார். மத்ராலியின் கை மூட்டு விலகிவிட்டது. 44 விநாடியில் அந்த வீழ்ச்சி முடிந்தது!

1905 மே மாதம் நியூயார்க்கில் டாம் ஜென்கின்ஸை வென்று உலகப் பட்டத்தை உறுதி செய்துகொண்டார்.

அந்த ஆண்டுகளிலேயே முழங்கால் தொல்லை தலைகாட்டிவிட்டது. மூட்டின் முன்புறத்தில் நீர் கோத்துக்கொண்டு வீங்கும். மண்டியிட்டுத் தரை துடைக்கும் பெண்களுக்கு அதிகம் வருவதால், வெள்ளைக்காரர்கள் அதற்கு வேலைக்காரி முழங்கால் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மல்யுத்த வீரனும் பாதி நேரம் மண்டியிட்டுக் கிடப்பவன்தானே! உலகத்தின் பெரிய பலசாலிக்கு வேலைக்காரிகளின் வியாதி வந்தது.

1908 ஏப்ரல் 3-ந் தேதி சிகாகோவில் பிராங்க் காட்சை முதன் முதலாகச் சந்தித்தார். காட்சை அவர் குறைவாக மதிப்பிட்டார். வேண்டிய பயிற்சியும் இல்லை. இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். இறுதியில் ஹாக்கன்ஷ்மிட் களைத்துப்போய், பட்டத்தை விட்டுக்கொடுத்தார். காட்ச் உடம்பில் எண்ணெய் தடவிக்கொண்டு வந்தார் என்று பிறகு குற்றம் சாட்டினார். அது உண்மையோ இல்லையோ, இரண்டு மணி நேரம் தாங்கக்கூடிய மூச்சு அன்று அவரிடம் இல்லை என்பது உண்மை.

அதே 1908-ல் அவருடைய புத்தகம் வெளிவந்தது. வாழும் வழி என்று அதன் பெயருக்குப் பொருள் கொள்ளலாம். குறைந்த எடையில் தொடங்கு, சிறிது சிறிதாக ஏற்று, போதிய ஓய்வு கொடு, நன்றாகத் தூங்கு. இதுதான் அதில் அவர் கற்பித்த முறை. உலகம் முழுவதும் இளைஞர்கள் அதைப் படித்து உடம்பை வளர்த்தார்கள். எழுதியவர்தான் மூன்று ஆண்டு கழித்து அதற்கு மாறாக நடந்தார்.

மீண்டும் சிகாகோ

1911-ல் காட்சோடு மறுபடி மோத ஏற்பாடு ஆயிற்று. இந்தத் தடவை ஹாக்கன்ஷ்மிட் கடுமையாகத் தயார் செய்தார். அவரோடு பயிற்சிக் குஸ்தி போட்டவர்களில் டாக்டர் ரோலர் ஒருவர். முந்திய ஆண்டு லண்டனில் நம் நாட்டு காமா பயில்வானிடம் மண்ணைக் கவ்வியவர் இந்த ரோலர்தான்.

பயிற்சியின்போது ஹாக்கன்ஷ்மிட்டின் முழங்கால் மடங்கி, பலமாக அடிபட்டது. பழைய இடத்திலேயே புதிய அடி!

இது பற்றி ஒரு கதை பிற்காலத்தில் பரவியது. ஆட் சான்டெல் என்ற பயிற்சிக் கூட்டாளி காட்ச் தரப்பில் பணம் வாங்கிக்கொண்டு வேண்டும் என்றே காலைத் திருகிவிட்டார் என்பது அந்தக் கதை. ஹாக்கன்ஷ்மிட் அப்படிச் சொல்லவில்லை. ரோலரோடு பயிற்சி செய்தபோது தற்செயலாக ஏற்பட்டது என்பதுதான் அவர் சொன்னது. பாதிக்கப்பட்டவர் சொன்னதை நம்புவதே நியாயம்.

போட்டியைத் தள்ளி வைத்திருக்கலாம். 1899-ல் பாரிசில் விலகியவர்தானே? ஆனால் அன்று அவர் 22 வயதுப் பிள்ளை. பின்னால் ஒரு டாக்டர் இருந்தார். 1911-ல் அவர் பெயரை நம்பி ஆயிரக்கணக்கில் டிக்கெட் விற்றாகிவிட்டது. அமைப்பாளர்கள் இருந்தார்கள்; காட்சைப் பழிவாங்கும் ஆவலும் இருந்தது. வேண்டாம் என்று தடுக்க கிராயெவ்ஸ்கி உயிரோடு இல்லை.

பழுதான காலோடு கோதாவில் ஏறினார். அவருடைய வாழ்க்கையில் அதைவிடப் பெரிய தவறு வேறு இல்லை.

போட்டி தொடங்கும் முன்பே, பந்தயம் கட்டிய பணம் எதுவும் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். கூட்டத்தில் முணுமுணுப்பு. காட்ச் காத்திருந்தவர் போல் பாய்ந்தார். முதல் வீழ்ச்சிக்கு 14 நிமிடம். இரண்டாவது, ஐந்தரை நிமிடம். கால்விரலைப் பற்றி முறுக்கும் பிடி காட்சுக்குக் கைவந்த கலை. கெட்ட முழங்காலோடு அந்தப் பிடியில் அகப்பட்டவர் என்ன செய்வார்? விட்டுக்கொடுத்தார்.

34 வயதில் அவருடைய மல்யுத்த வாழ்வு முடிந்தது. வென்ற காட்ச் 1917-ல், 40 வயதிலேயே, நோயில் காலமானார். தோற்றவருக்கோ இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்க்கை மீதி இருந்தது.

இரும்பை விடவில்லை

முதல் உலக யுத்தம் வெடித்தபோது அவர் ஜெர்மனியில் இருந்தார். ரஷியப் பிரஜை ஆகையால் பிடித்து முகாமில் அடைத்துவிட்டார்கள். யுத்தத்துக்குப் பிறகு பிரான்சு. 1939-ல் அந்த நாட்டின் பிரஜை ஆனார். பிறகு லண்டனில் குடியேறி, 1950-ல் பிரிட்டிஷ் பிரஜை ஆனார். மனைவி ராஷேல் பிரெஞ்சுப் பெண்மணி.

பயில்வான் தத்துவ ஆசிரியராக மாறினார். மனம், நினைவு, பிரபஞ்சம் என்று 1930-களில் பல நூல்கள் எழுதினார். படிப்பதற்குக் கொஞ்சம் கடினமான நூல்கள். பளு தூக்கும் புத்தகத்துக்கு இருந்த வாசகர்கள் இவற்றுக்கு இல்லை.

ஆனால் உடற்பயிற்சியை அவர் கைவிடவில்லை. சாதனைக்காகத் தூக்குவதை நிறுத்திவிட்டார். தமக்குத் தாங்கும் எடையோடு நிறுத்திக்கொண்டார். உணவிலும் மாற்றம். சமைக்காத காய், கனி, கொட்டை என்று ஆயிற்று. 50 வயதுக்கு மேலும் உயரத் தாண்டுதலில் இளைஞர்களை வியக்க வைத்தார். 80 வயதைத் தாண்டிய பிறகும் நாற்காலியின் முதுகைத் தாண்டிக் குதிப்பார் என்றால் அந்த முழங்காலை அவர் எப்படிப் பேணியிருப்பார்! டாக்டர் வீட்டில் சோபாவைத் தாண்டிய பழக்கம் 60 ஆண்டு கழித்தும் போகவில்லை.

பளுவை உடம்புக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழும் ஒரு பயிற்சி உண்டு. நம் பயில்வான்களின் பஸ்கியோடு எடையும் சேர்ந்தது போல. அதை அவர்தான் பிரபலமாக்கினார். இன்றைய உடற்பயிற்சிக் கூடங்களில் அதற்கென்று தனி எந்திரமே இருக்கிறது. ஹாக் ஸ்குவாட் என்கிறார்கள். ஹாக்கன்ஷ்மிட்டின் பெயரில் பாதி அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முழங்காலால் பட்டக் கனவை இழந்தவரின் பெயர், முழங்காலை மடக்கிச் செய்யும் பயிற்சிக்கு வந்தது ஒரு வேடிக்கைதான்.

கடைசி ஆண்டுகளை லண்டனில் தென் நார்வுட் பகுதியில் அமைதியாகக் கழித்தார். 1968 பிப்ரவரி 19-ந் தேதி லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் காலமானார். அவருக்கு வயது 90. மேற்கு நார்வுட்டில் உடல் தகனம் செய்யப்பட்டது.